பெயர் சொல்லாமல் பேசுவது எப்படி: அகதிக் குழந்தைகளை ஊருக்கு அனுப்பிவைக்கும் பணியில் இருப்பவர்களுக்கு

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒரு குடும்பம் இலங்கைக்குத் திரும்பப் போகிறது என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் தாள்கள் பல பேர் கையில் ஏறி இறங்கும். முகாம் அலுவலகத்து எழுத்தர், வருவாய் ஆய்வாளர், அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவுக் காவலர், மாற்றுச் சான்றிதழ் எழுதும் தலைமையாசிரியர், தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர், தொண்டு நிறுவனத்துக் களப்பணியாளர் என வரிசை நீளும். பெற்றோர் உடன் இல்லாத பிள்ளையாக இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளரும் குழந்தைகள் நலக் குழுவினரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவரும் தம் பங்கை முடித்துக் கோப்பை அடுத்தவர் மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கோப்போடு சேர்ந்து பிள்ளையின் முகமும் போய்விடுமானால், இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

நான் இந்தக் கரையோரத்து முகாம்களில் களப்பணியாளராக இருந்து, பின்னர் களப்பணிக்கு வருபவர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு மாறியவன். குழந்தைகளுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று நாங்கள் நிறையவே கற்றுக்கொடுத்திருக்கிறோம். அனுப்பிவிட்டு வந்த மனிதர் அன்று இரவு யாரிடம் என்ன பேசலாம் என்பதை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கீழே உள்ளது பெரும்பாலும் அந்த விடுபட்ட பாடம்தான்.

இந்தக் கரையில் இந்த வேலை ஏன் வேறுவிதமாகக் கனக்கிறது

சுவீடனில் இதே வகைப் பணியைச் செய்பவர்களின் நிலையை முதலில் ஒரு பார்வை பார்ப்பது உதவும். 2015ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 1,63,000 பேர் புகலிடம் கேட்டார்கள். அவர்களில் 35,000க்கும் மேற்பட்டோர் பெற்றோர் துணையின்றி வந்த சிறுவர் சிறுமியர். புகலிடம் மறுக்கப்பட்ட பிள்ளை தானாகப் போக மறுத்தால், அனுப்பிவைக்கும் பொறுப்பு காவல்துறையுடையது. அதுவரை பராமரிப்பது உள்ளாட்சியின் சமூகப் பணியாளர்களுடைய வேலை. போய் இறங்கும் இடத்தில் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளக் குடும்பமோ காப்பாளரோ தகுந்த இல்லமோ இருந்தால்தான் அனுப்பலாம் என்பது விதி. ஒரு கையால் அணைத்து மறுகையால் அனுப்பும் இந்த இரட்டை வேலை காவலரையும் சமூகப் பணியாளரையும் என்ன செய்கிறது, சுற்றியிருப்போரின் துணை அதை எவ்வளவு தாங்குகிறது என்பதை அந்நாட்டு ஆய்வாளர்கள் தனியாகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் கரையில் வலுக்கட்டாயம் என்ற சொல் கோப்பில் இடம்பெறுவதில்லை. இங்கிருந்து போவது 'தன்விருப்பத் திரும்புதல்'. ஆனால் விருப்பம் பெற்றோருடையது. ஒன்பது வயதுப் பிள்ளை எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை என்றாலும், குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே பிள்ளையின் கருத்தைக் கேட்கும் கடமை நமக்கு உண்டு. கேட்ட பிறகு அந்தக் கருத்து முடிவை மாற்றப்போவதில்லை என்று தெரிந்தும் கேட்பது எவ்வளவு கடினம் என்பது, கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

'திரும்புதல்' என்ற சொல்லே ஒரு சிக்கல். மண்டபம் முகாம் முதலில் எழுந்தது, பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தடுத்து வைத்து நோய்ச் சோதனை செய்வதற்காக. இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கை மலையகத்தில் பிறந்து இந்தியாவைப் பார்த்தேயிராத பிள்ளைகள் இதே வழியாகத் 'தாயகம் திரும்பினார்கள்'. 1983, 1990, 2006 என்று அலை அலையாகப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள், இப்போது பார்த்தேயிராத மன்னாருக்கும் வவுனியாவுக்கும் 'திரும்புகிறார்கள்'. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் படகேறி, தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தச் சொல் ஓரளவாவது பொருந்தும். பாடப்புத்தகத்தில் திருக்குறளும் தமிழ்நாட்டு வரைபடமும் படித்த பிள்ளையிடம் "உன் ஊருக்குப் போகிறாய்" என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தயங்கினால், அது உங்கள் பலவீனம் அன்று. சொல் பொருந்தவில்லை என்பதை நாக்கு முதலில் கண்டுகொண்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வேறுபாடு மொழி. சுவீடன் காவலருக்கும் ஆப்கானிய சிறுவனுக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அமர்ந்திருப்பார். நமக்கு அந்தத் தடுப்பு இல்லை. பிள்ளை நம் தமிழிலேயே "மாமா", "அக்கா" என்று கூப்பிடும். தாயிடம் பேசும்போது மட்டும் மன்னார்த் தமிழுக்கு மாறும். நெருக்கம் உடனே வந்துவிடுகிறது, அதற்கான விலையும் கூடவே வருகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை, பேசக்கூடாமை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, விசாரணையில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமன்றி அடையாளம் காட்டக்கூடிய வேறெந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தச் சட்டம் எட்டாத இடங்களிலும் துறையின் இரகசியக் காப்பும், பாதுகாப்புப் பிரிவினரின் கண்ணும், ஊர் வாயும் இருக்கின்றன. பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ ஒரு செய்தி ஓலைக்குடா போய்ச் சேர ஒரு மீன்வண்டி போகும் நேரம் போதும். இதனால் நல்ல பணியாளர்கள் வாயை முற்றிலுமாக மூடிக்கொள்கிறார்கள். வீட்டிலும் பேசுவதில்லை, நண்பரிடமும் பேசுவதில்லை. நான் கண்டவரை, இந்த வேலையில் மனம் ஒடிந்தவர்கள் பிள்ளையின் அழுகையால் ஒடிந்ததைவிட, அந்த அழுகையை எங்கும் இறக்கிவைக்க இடமில்லாமல் ஒடிந்ததே அதிகம். சட்டம் பிள்ளையைப் பற்றிப் பேசுவதைத்தான் தடுக்கிறது. உங்களைப் பற்றிப் பேசுவதை அது தடுக்கவில்லை. இரண்டையும் பிரிக்கக் கற்றுக்கொள்வதே இந்த வழிகாட்டியின் மையம்.

முதலில், உங்களுக்கு நேர்வது எது என்று பிரித்துப் பாருங்கள்

"மனசு சரியில்லை" என்ற ஒரே சொற்றொடருக்குள் குறைந்தது மூன்று வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது என்பதால் பிரித்தறிவது முக்கியம்.

முதலாவது, வேலைச் சலிப்பு. நாள்பட்ட பணி அழுத்தத்தால் உடல் வற்றிப்போவதும், எந்த வழக்கைப் பார்த்தாலும் "இன்னொன்றா" என்று தோன்றுவதும், எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணமும் சேர்ந்தது இது. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதை நோயாகக் கொள்ளாமல், பணிச்சூழல் சார்ந்த நிகழ்வாக வைத்திருக்கிறது. ஆகவே இதற்கான தீர்வும் பெருமளவு பணிச்சூழலில்தான் இருக்கிறது: விடுப்பு, வழக்குகளின் எண்ணிக்கை, ஆள் பற்றாக்குறை. இதற்குத் தியானம் சொல்லிக்கொடுத்து அனுப்புவது, ஓட்டைப் படகில் இருப்பவனுக்கு நீச்சல் சொல்லித்தருவதைப் போன்றது.

இரண்டாவது, பிறர் பட்ட துயரம் நம்மிடம் தங்கிவிடுவது. நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டு இரவெல்லாம் மணல் திட்டில் நின்ற ஒரு சிறுமியின் கதையைக் கேட்டெழுதியவருக்கு, தான் அங்கே நில்லாமலேயே அந்த இரவு கனவில் வருவது இவ்வகை. தூக்கம் கெடும், படகு எஞ்சின் ஒலி கேட்டால் நெஞ்சு அதிரும், அரிச்சல்முனைப் பக்கம் போகவே மனம் வராது.

மூன்றாவதுதான் இந்தப் பணிக்கே உரியது: குற்றவுணர்ச்சி. விதிப்படிதான் செய்தோம், ஆனாலும் தவறு செய்துவிட்டதாக உள்ளே ஒன்று அரிக்கிறது. இதற்கு ஓய்வும் உதவாது, "நீங்கள் என்ன செய்ய முடியும், மேலிடத்து உத்தரவு" என்ற ஆறுதலும் உதவாது. அந்த ஆறுதல் கேட்பவரை இன்னும் தனிமைப்படுத்தும். இதே வேலையைச் செய்யும் இன்னொருவரிடம் முழுதாகச் சொல்வதும், தன் கையில் இருந்தது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று அவரோடு சேர்ந்து கணக்குப் பார்ப்பதும்தான் உதவும்.

இவை கலந்தும் வரும். எது மேலோங்கி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள், அது போதும்.

துணை என்பது ஒரே ஆள் அன்று

சமூகத் துணையைப் பற்றி எழுதிய அறிஞர்கள் அதைப் பொதுவாக நான்காகப் பிரிப்பார்கள்: மனத்துக்கு ஆதரவு, கைக்கு உதவி, தேவையான தகவல், "நீ செய்தது சரிதான்" அல்லது "இங்கே தவறிவிட்டாய்" என்று நேர்மையாகச் சொல்லும் மதிப்பீடு. உண்மையில் கிடைத்த உதவியின் அளவைவிட, "தேவைப்பட்டால் எனக்கு ஆள் இருக்கிறது" என்ற நம்பிக்கையே மனநலத்தை அதிகம் காக்கிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. ஆகவே ஆளைத் தேடுவது நெருக்கடி வந்த பிறகு செய்யும் வேலை அன்று. முன்னதாகவே செய்து வைத்துக்கொள்ள வேண்டிய வேலை.

ஒரு தாளை எடுத்து நான்கு பெயர்களை எழுதுங்கள். பெரும்பாலோர் செய்யும் பிழை, நான்கு இடத்திலும் மனைவியின் அல்லது கணவரின் பெயரை எழுதிவிடுவது. வீட்டில் இருப்பவர் மன ஆதரவுக்கு மிகப் பொருத்தமானவர். மதிப்பீட்டுக்கு அவ்வளவு பொருத்தமில்லாதவர். உங்கள்மீது உள்ள அன்பினால் அவர் எப்போதும் "நீங்கள் செய்தது சரி" என்றுதான் சொல்வார். மூன்றாவது முறைக்கு மேல் அது உங்கள் காதில் ஏறாது. மதிப்பீட்டுக்கு இதே வேலையை அறிந்த, ஆனால் உங்கள் வழக்கில் தொடர்பில்லாத ஒருவர் வேண்டும். தூத்துக்குடியிலோ புதுக்கோட்டையிலோ இதே பொறுப்பில் இருக்கும் பணியாளரோ, ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலரோ, வேறு முகாமின் மூத்த களப்பணியாளரோ அப்படி இருக்கலாம். கைக்கு உதவி என்பது மிக எளிமையானது, ஆனால் மறக்கப்படுவது: நீங்கள் திருச்சி விமான நிலையத்திலிருந்து நள்ளிரவில் திரும்பும் நாளில் உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவார்? அதற்கு ஒரு பெயர் வேண்டும். தகவலுக்கு, சட்டமும் நடைமுறையும் தெரிந்த ஒருவர் போதும்.

காவல்துறையில் இருப்பவர்களுக்குச் சிறப்பாக ஒன்று. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் இருக்கும் காவலர், ஒருநாள் மணல் திட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக் கரைசேர்க்கிறார். இன்னொரு நாள், கள்ளத்தனமாகப் படகேறித் திரும்ப முயன்ற குடும்பத்தைப் பிடித்து விசாரிக்கிறார். இரண்டு நாளும் ஒரே சீருடைதான். "இதெல்லாம் ஒரு விஷயமா சார்" என்று சிரித்துவிட்டுப் போவதே அங்கே வழக்கமாக இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய நிறைவாழ்வுப் பயிற்சியில் கலந்துகொண்டவர் உங்கள் நிலையத்திலோ உட்கோட்டத்திலோ இருந்தால், உங்கள் தாளில் முதலில் அவர் பெயரை எழுதுங்கள். சிரிக்காமல் கேட்கக் கற்றவர் ஒருவர் கிடைப்பது பெரிய காரியம்.

பெயர் சொல்லாமல் பேசும் முறை

பெயரை மட்டும் மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. "பேர் சொல்லமாட்டேன், மண்டபத்தில் எட்டாவது படிக்கிற பொண்ணு, அப்பா இல்லை, இரட்டைத் தம்பிகள், போன வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள்" என்று சொன்னால், முகாமின் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். சிறிய இடத்தில் விவரங்களே பெயராகிவிடும். ஊர், பள்ளி, வகுப்பு, உடன்பிறந்தோர் எண்ணிக்கை, உடற்குறி, போய்ச்சேரும் ஊர், புறப்பட்ட நாள் ஆகிய இவற்றில் எதையும் சொல்லாதீர்கள். மாற்றிச் சொல்லவும் வேண்டாம். மாற்றிச் சொல்பவர் ஒருநாள் மறந்து உண்மையைச் சொல்லிவிடுவார்.

அப்படியானால் எதைத்தான் சொல்வது? எழுவாயை மாற்றிக்கொள்ளுங்கள். வாக்கியம் "அவள்" என்று தொடங்காமல் "நான்" என்று தொடங்கட்டும். ஒரு மாலையில் வீடு திரும்பிய களப்பணியாளர் இப்படிச் சொல்லலாம்: "இன்றைக்கு ஒரு குழந்தையை அனுப்பிவிட்டு வந்தேன். அது என்னிடம் ஒன்று கேட்டது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்த நிற்றல் இன்னும் என்னை விடவில்லை. நீ எதுவும் கேட்காதே, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்." இதில் பிள்ளையைப் பற்றி எதுவும் வெளியாகவில்லை, சொன்னவரின் பாரம் மட்டும் முழுதாக வெளியே வந்துவிட்டது. கேட்பவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது. நம் வீடுகளில் இந்தத் தெளிவுதான் அதிகம் தவறும். பாரத்தைச் சொன்னவுடன் வீட்டார் தீர்வு சொல்லத் தொடங்குவார்கள், அல்லது "இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு" என்பார்கள். எனக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது அந்த வாய்ச்சண்டையைத் தவிர்க்கும்.

சக பணியாளரிடம் பேசும்போது இன்னும் சற்று விரிவாகப் பேசலாம். வழக்கில் தொடர்புடையவர்கள் மட்டும் இருக்கும் அறையில், அலுவல் முறையில், விவரங்களையே பேசலாம். அதற்குத்தான் வழக்குக் கலந்தாய்வு இருக்கிறது. தொடர்பில்லாதவரிடம் பேசும்போது சூழ்நிலையைப் பொதுமைப்படுத்துங்கள்: "போக விருப்பமில்லை என்று குழந்தை சொல்கிறது, தாய் போயே தீரவேண்டும் என்கிறார், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள், அக்கா?" இது வழக்கைப் பற்றிய கேள்வி இல்லை, தொழிலைப் பற்றிய கேள்வி. மூத்தவரால் பதில் சொல்ல முடியும். பதில் இல்லாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, தம்பி" என்ற சொல்லே பாதிச் சுமையைக் குறைக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் பேசவே வேண்டாம். வழியனுப்பும் நாளில் எடுக்கும் படத்தை நிலைத்தகவலாக வைப்பதும் வேண்டாம்; பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் வேண்டாம். எழுதினால்தான் மனம் இறங்கும் என்பவர்கள், ஒரு குறிப்பேட்டில் தம்மைப் பற்றி மட்டும் எழுதி, அதையும் வீட்டில் பூட்டி வைக்கலாம். அலுவலக மேசையில் அந்தக் குறிப்பேடு இருக்கக் கூடாது.

அனுப்பும் நாளுக்கு முன்னும் பின்னும்

குற்றவுணர்ச்சியைக் குறைக்கும் மிகச் சிறந்த வழி, பின்னால் ஆறுதல் தேடுவதைவிட முன்னால் வேலையைச் சரியாகச் செய்வது. இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் செய்ய வேண்டிய பிறப்புப் பதிவு, குடியுரிமைத் தாள்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவை குறையில்லாமல் கையில் இருந்தால், அங்கே பள்ளியில் சேர்வதற்கு அலைய வேண்டியதில்லை. ஒரு தாள் குறைந்து போனதற்காக ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டவரை எனக்குத் தெரியும், அது நான்தான். ஆகவே சரிபார்ப்புப் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கூடத்தில் ஆண்டுத் தேர்வு முடியும்வரை பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பெற்றோரிடம் ஒருமுறையாவது கேளுங்கள். கேட்டு மறுக்கப்பட்டது வேறு, கேட்காமல் விட்டது வேறு. பின்னர் தூக்கம் வராத இரவில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

வழியனுப்ப ஒருபோதும் ஒருவர் தனியாகப் போகக் கூடாது. இருவரில் ஒருவர் பிள்ளையோடு இருப்பார், மற்றவர் தாள்களோடு இருப்பார் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவரே செய்யும்போது, பிள்ளை அழும் நேரத்தில் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டி வரும், அந்தக் காட்சி நெஞ்சில் தங்கிவிடும். "எப்ப திரும்பி வருவோம்?" என்ற கேள்விக்கான விடையையும் குழுவாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். "சீக்கிரம்" என்ற பொய் அந்த நொடியைக் கடத்தும். ஆனால் அதைச் சொன்னவர் பல காலம் சுமப்பார். "எனக்குத் தெரியாது, கண்ணு. அங்கே உன்னைக் கூட்டிப்போக யார் வருவார் என்பது தெரியும், அதைச் சொல்லட்டுமா?" என்பது உண்மையாகவும் இருக்கிறது, பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றையும் தருகிறது.

அனுப்பிவிட்டு வந்த இரவு எல்லோரையும் உட்காரவைத்து "நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்று கட்டாயப்படுத்துவது சில இடங்களில் நல்லெண்ணத்தோடு நடக்கிறது. அது வேண்டாம். துயர நிகழ்வுக்குப் பின் ஒரே அமர்வில் அனைவரையும் மீண்டும் விவரிக்கவைக்கும் முறை பின்னாளைய மனப்பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்குத் தீங்கு செய்யலாம் என்பதால், அதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்றே இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அன்று இரவுக்குத் தேவையானவை மிகச் சாதாரணமானவை: சூடான சோறு, குளியல், வண்டியோட்ட உங்களைத் தவிர வேறொருவர், பேச விரும்புபவருக்குக் காது, பேச விரும்பாதவருக்கு அமைதி. மறுநாள் காலையில் அதே ஆளுக்கு இன்னொரு குழந்தையின் வழக்கைக் கொடுக்காமல் இருப்பது. குடியை மருந்தாக எடுத்துக்கொள்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது தூக்கத்தைத் தருவதுபோலத் தோன்றினாலும், நள்ளிரவுக்குப் பின் தூக்கத்தைக் குலைக்கும், கனவுகள் கூடும்.

பின்னர் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று தெரியாமல் இருப்பது தனித் துன்பம். இதற்குத் தனிப்பட்ட கைபேசி எண்ணைக் கொடுத்து வழிதேடாதீர்கள். முதலில் இதமாக இருக்கும். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, உங்களால் தீர்க்கவே முடியாத ஒரு சிக்கலோடு அழைப்பு வரும். மாறாக, போய்ச்சேர்ந்த செய்தியும் பள்ளியில் சேர்ந்த செய்தியும் நிறுவன வழியாக வருவதற்கு ஏற்பாடு செய்யலாம். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போல இரு கரையிலும் பணியாளர்கள் உள்ள அமைப்புகள் இருக்கின்றன, அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையத்தின் உதவியோடு போகும் குடும்பங்களுக்கு அந்த வழியும் உண்டு. "நலமாகச் சேர்ந்தார்கள், பிள்ளைகள் பள்ளி போகிறார்கள்" என்ற ஒரு வரிச் செய்தி, அனுப்பியவர்களில் எழுத்தர் வரைக்கும் எட்ட வேண்டும். செய்தி நல்லதாக இல்லாவிட்டாலும் எட்டட்டும். கற்பனை செய்துகொள்வது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாக இருக்கும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு

குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். "எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்று சொன்னால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அஞ்சும் ஒருவரிடம், "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொல்வதில் பொருளில்லை. அச்சத்தை நீக்கும் ஏற்பாட்டை நீங்கள்தான் முதலில் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், அலுவலகத்துக்கு வெளியே, வருகைப்பதிவோ நடவடிக்கைக் குறிப்போ இல்லாத ஒரு கூடல் போதும். அதில் நீங்கள் முதலில் பேசுங்கள், அதுவும் உங்கள் தடுமாற்றத்தைப் பேசுங்கள். பிறகு எழுந்து போய்விடுங்கள். அதிகாரி இருக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது இந்த மாவட்டத்துக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. நெருக்கடிக் காலப் பணிகளுக்காக 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட மனநல வழிகாட்டியிலேயே, பணியாளர்களின் நலத்தைக் காப்பது நிறுவனத்தின் கடமை என்று தனிப்பகுதி இருக்கிறது. செலவுக்கு ஒப்புதல் கேட்கும்போது அதை மேற்கோள் காட்டலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

பொது நலநிலை வினாத்தாள் என்று பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒன்றை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் அடிப்படை எளியது: சில வாரங்களாக நீங்கள் உங்கள் வழக்கமான நிலையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறீர்கள்? அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம், உங்களோடு ஒப்பிடுங்கள். தூக்கம், கவனம், முடிவெடுக்கும் திறன், அன்றாட வேலையில் இருந்த நிறைவு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் வழக்கத்தைவிடக் குறைந்தே இருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணமோ தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ வந்தால், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றே, அந்த நேரமே உதவி கேளுங்கள். டெலி மனாஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416 இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழில் பேசும். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. நேரில் பார்க்க, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் மனநலம் என்றாலே ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அந்த நினைவின் நிழலில்தான் நம்மவர்கள் மனநல மருத்துவரிடம் போவதை இன்னும் 'பைத்தியத்துக்கு வைத்தியம்' என்று எண்ணிக் கூசுகிறார்கள். அதற்குப் பின் நிறைய மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. பிள்ளையின் இரகசியத்தை 74ஆம் பிரிவு காக்கிறது என்றால், உங்களுடையதைக் காக்கவும் ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளூரில் கூச்சமாக இருந்தால் மதுரைக்குப் போய்ப் பாருங்கள். பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம்தான். தர்காவிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ வேண்டிக்கொள்பவர்கள் வேண்டிக்கொள்ளட்டும்; மருந்தோடு அது முரண்படுவதில்லை.

கடைசியாக, பணிப்பட்டியல் போடுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று. அனுப்பப்படும் பிள்ளையின் வயதிலேயே வீட்டில் பிள்ளை வைத்திருப்பவருக்கு, அண்மையில் கருச்சிதைவோ மரணமோ நடந்த வீட்டிலிருந்து வருபவருக்கு, தானே முகாமில் வளர்ந்து இன்று பணியாளராகியிருப்பவருக்கு வழியனுப்பும் நாள் மற்றவர்களைவிடப் பல மடங்கு கனக்கும். அவர்களைக் கேட்காமலே விலக்கிவைப்பதும் சரியில்லை. சிலர் தாமே நிற்க விரும்புவார்கள். "இந்த வாரம் உங்களால் முடியுமா, இல்லை மாற்றிக்கொள்ளலாமா?" என்று ஒருமுறை தனியாகக் கேளுங்கள். மாற்றம் கேட்பவர் 'சொந்தக் காரணம்' என்று எழுதினால் போதும் என்றும், அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்றும், குழு அமைந்த முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.